பழைய சிஎன்சி மெசினில் சேர்வோ ட்யூனிங்: உள்ளே இருந்து வெளியே

"பாஸ், எக்ஸ் அச்சு உறுமுது. கெயினைக் குறைச்சன், உறுமல் நின்டுட்டுது. ஆனா இப்ப வட்டம் வெட்டினா முட்டையா வருது." இரத்மலானை, பேலியகொடை பக்கமிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளில் பல இப்படித்தான் தொடங்கும். கெயின் என்பது பிழைக்கு எவ்வளவு பலமாகத் திருத்துவது என்ற எண்; அவர்கள் சொல்வது கொன்ட்ரோலர் திரையில் தெரியும் நிலைக் கெயினை. கோளாறு பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. மோட்டரின் பின்பக்கம், கார்பன் தூள் படிந்த டாக்கோவில் (வேகத்தை அளந்து சொல்லும் கருவி) இருக்கும். அல்லது அந்த டாக்கோ சொல்வதை நம்பி வேலை செய்யும் ட்ரைவின் (மோட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி) பொட்டில் (திருகி மாற்றும் தடை) இருக்கும்.

வேறு நாட்டில் பல வருடம் உழைத்துவிட்டு இங்கே வந்து இறங்கிய மெசின்களுக்காகவே இதை எழுதுகிறேன். பிரஷ் உள்ள டிசி சேர்வோ (அளந்து பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் மோட்டர்), அல்லது முதல் தலைமுறை ஏசி சேர்வோ. ±10 வோல்ட் கட்டளையை வாங்கும் அனலொக் ட்ரைவ். கொன்ட்ரோலர் பழையதாகவோ, லினக்ஸ்சிஎன்சி (கணினியில் ஓடும் இலவசக் கட்டுப்பாட்டு மென்பொருள்) போட்டு மாற்றியதாகவோ இருக்கலாம். முழு டிஜிட்டல் ட்ரைவ் வைத்திருப்பவர்களுக்கும் வரிசை இதேதான், பொட்டுக்குப் பதில் பராமீற்றர் இலக்கம் வரும், அவ்வளவே.

மூன்று லூப், ஒன்றுக்குள் ஒன்று

சேர்வோ அச்சு ஒன்றில் மூன்று கட்டுப்பாட்டு லூப்கள் இருக்கின்றன. லூப் என்றால் அளந்து, கட்டளையோடு ஒப்பிட்டு, திருத்துவதைத் திரும்பத் திரும்பச் செய்வது. மிக உள்ளே இருப்பது கரண்ட் லூப். மோட்டரின் முறுக்குவிசையைப் பார்த்துக்கொள்வது அது. அதைச் சுற்றி வேக லூப், அதற்கும் வெளியே நிலை லூப். கொன்ட்ரோலர் "இவ்வளவு தூரம் போ" என்ற கணக்கை "இந்த வேகத்தில் ஓடு" என்ற வோல்ட்டேஜாக மாற்றி ட்ரைவுக்கு அனுப்புகிறது. ட்ரைவ் டாக்கோவைப் பார்த்து வேகத்தைச் சரிசெய்கிறது; அதற்குத் தேவையான கரண்டை உள் லூப் கொடுக்கிறது.

வெளி லூப் ஒழுங்காக இருக்க, உள் லூப் அதைவிடப் பல மடங்கு விரைவாகப் பதிலளிக்க வேண்டும். நாலைந்து மடங்காவது வேண்டும் என்பது பொதுக் கணக்கு. வேக லூப் மந்தமாக இருக்கும்போது நிலைக் கெயினைக் கூட்டினால் அச்சு ஆடும். குறைத்தால் ஆட்டம் நிற்கும், ஆனால் அச்சு கட்டளைக்குப் பின்தங்கி இழுபடும். மேலே கேட்ட முட்டை வட்டம் அப்படிப் பிறந்ததுதான். ஒரு அச்சை மட்டும் குறைத்துவிட்டு மற்றதை அப்படியே விட்டிருப்பார்கள்.

கரண்ட் லூப்பை நான் தொடுவதில்லை. அது மோட்டரின் தடைக்கும் இன்டக்டன்ஸுக்கும் ஏற்பத் தொழிற்சாலையில் வைக்கப்பட்டது. வேறு மோட்டர் போட்டிருந்தால் மட்டும் ட்ரைவின் கையேட்டைப் பார்த்து மாற்றுங்கள்.

வேகத்தைச் சொல்பவர் யார்?

டாக்கோ என்பது ஒரு சிறிய டிசி ஜெனரேற்றர். 1000 சுற்றுக்கு 9.5 வோல்ட் தரும் டாக்கோ ஒன்று நிமிடத்துக்கு 2000 சுற்றில் 19 வோல்ட் தரும். 2 சுற்றில் 19 மில்லிவோல்ட் தரும். எவ்வளவு மெதுவாகச் சுற்றினாலும் இடைவிடாமல் ஏதோ ஒரு பெறுமதி வரும்.

என்கோடரில் (தண்டு திரும்பத் திரும்பத் துடிப்பு தரும் கருவி) இருந்து வேகத்தைக் கணக்கிடுவது வேறு கதை. 1000 கோடுள்ள என்கோடர் நான்கு மடங்கு எண்ணலில் ஒரு சுற்றுக்கு 4000 துடிப்பு தரும். 1 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை எண்ணிப் பார்க்கும் கொன்ட்ரோலருக்கு, ஒரேயொரு துடிப்பு கூடினாலோ குறைந்தாலோ வேகம் நிமிடத்துக்கு 15 சுற்று மாறியதாகத் தோன்றும். மோட்டர் 5 சுற்றில் நகரும்போது அந்தக் கணக்கு 0 என்றும் 15 என்றும் மாறிமாறிச் சொல்லும். ட்ரைவ் அதை நம்பி மோட்டரைக் குலுக்கும். 17 பிட் என்கோடரில் இதே தாவல் நிமிடத்துக்கு அரைச் சுற்றுக்கும் குறைவு. இன்றைய மோட்டர்களில் டாக்கோ இல்லாமலே காரியம் ஆவது இதனால்தான்.

ஆகவே பழைய மெசினுக்குப் புதுக் கொன்ட்ரோலர் போடும்போது "டாக்கோ எதற்கு, என்கோடர் இருக்கிறதே" என்று வயரை வெட்டிவிடாதீர்கள். கோடு குறைந்த என்கோடரோடு டாக்கோவையும் இழந்தால் மெதுவான ஃபினிஷிங் வெட்டில் அடையாளம் தெரியும்.

கருவிகளும் கவனமும்

ஒரு மல்டிமீற்றர், இரண்டு சனல் டிஜிட்டல் ஸ்கோப், ஒரு டயல் கேஜ். இவற்றோடு நீங்களே செய்யக்கூடிய பற்றரிப் பெட்டி ஒன்று. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு சுற்றுச் சுற்றினால் சாமான் எல்லாம் கிடைக்கும்: இரண்டு 9 வோல்ட் பற்றரி, 10 கிலோ ஓம் பொட், 22 கிலோ ஓம் தடை இரண்டு, இருவழிச் சுவிட்ச் ஒன்று. பற்றரிகளைத் தொடராக இணைத்து, நடுச் சந்தியைப் பொதுவாக எடுங்கள். பொட்டின் இரு முனைகளுக்கும் ஒவ்வொரு தடை வழியாகப் பற்றரி முனைகளைக் கொடுங்கள். பொட்டின் நடுக்காலும் பொதுவும் சுவிட்சின் இரு பக்கங்களுக்குப் போகட்டும், சுவிட்சின் நடு ட்ரைவின் கட்டளை உள்ளீட்டுக்கு. சுமார் ±1.6 வோல்ட் கிடைக்கும். ட்ரைவ் இழுக்கும் கரண்டால் சற்றுக் குறையலாம். சுவிட்சை ஒரு பக்கம் தட்டினால் சுழியம், மறுபக்கம் தட்டினால் படிக்கட்டு மாதிரி ஒரு பாய்ச்சல். ட்யூனிங்குக்கு இந்தப் பாய்ச்சல்தான் வேண்டும்.

ஸ்கோப்பின் நிலக் கிளிப்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சில பழைய ட்ரைவ்களில் கட்டுப்பாட்டுப் பலகையின் பொதுவே மின்வலுப் பக்கத்தோடு இணைந்திருக்கும். அங்கே கிளிப்பைக் கடித்தால் ஸ்கோப்பும் போகும், ட்ரைவும் போகும், உங்கள் கையும் போகலாம். முதலில் அந்தப் பொதுவுக்கும் மெசின் உடலுக்கும் இடையே மீற்றர் வைத்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் டிஃபரென்ஷியல் புரோப்தான் (நிலத்தோடு இணைக்காமல் இரு புள்ளிகளுக்கு இடையே அளப்பது). ஸ்கோப்பின் ஏர்த் பின்னை வெட்டுவது தீர்வல்ல. 230 வோல்ட்டை நேரே நெறிப்படுத்தும் ட்ரைவின் கப்பாசிற்றர்களில் சுமார் 325 வோல்ட் நிற்கும். மின்சாரத்தை நிறுத்திப் பத்து நிமிடமாவது காத்திருந்து, மீற்றரால் பார்த்துவிட்டுத்தான் கை வையுங்கள்.

இசட் அச்சுக்குக் கீழே மரக்கட்டை முட்டுக் கொடுங்கள். பிரேக்கை மட்டும் நம்ப வேண்டாம்.

படி 1: மெக்கானிக்கல் முதலில்

மோட்டரைக் கழற்றி, போல் ஸ்குரூவைக் கையால் முழு நீளமும் சுற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் இறுக்கம், இன்னோரிடத்தில் தளர்வு என்றால் எந்தக் கெயினும் இரண்டுக்கும் பொருந்தாது. டயல் கேஜை வைத்து அச்சை இருபுறமும் தள்ளி ப்ளே (வெறும் ஆட்டம்) எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். கப்ளிங் தளர்வு, தேய்ந்த பெல்ட், ஸ்குரூ முனையின் பெயாரிங், எண்ணெய் போகாத வழித்தடம், எல்லாம் இந்த இடத்திலேயே முடிய வேண்டும். இதை வேகமாகச் சொல்லிவிட்டேன், ஆனால் சில மெசின்களில் ஒரு முழு நாள் இதிலேயே போகும்.

படி 2: மின்சாரம்

நமக்கு வருவது 400 வோல்ட் மூன்று ஃபேஸ், 50 ஹேர்ட்ஸ். ஜப்பான் மெசின் கேட்பது 200 வோல்ட். இடையில் ட்ரான்ஸ்ஃபோர்மர் இருக்கும். மெசின் முழு வேகத்தில் ஓடும்போது அதன் வெளியீட்டை அளந்து பாருங்கள். பக்கத்துப் பட்டறையில் பெரிய வெல்டிங் தொடங்கும் நேரத்திலும் பாருங்கள். டிசி பஸ் (ட்ரைவுக்குள் நெறிப்படுத்திய வோல்ட்டேஜ்) இறங்கினால் ரப்பிட் வேகத்தில் (வெட்டாமல் நகரும் உச்ச வேகம்) மட்டும் அச்சு பின்தங்கிப் பிழை காட்டும். அதை ட்யூனிங்கால் திருத்த முடியாது.

படி 3: டாக்கோவின் உடல்நிலை

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது.

மோட்டர் ஸ்குரூவிலிருந்து கழன்றே இருக்கட்டும். பிரஷ் மோட்டர் என்றால் ஆர்மேச்சர் வயர்களை ட்ரைவிலிருந்து கழற்றி, 12 வோல்ட் வாகனப் பற்றரியை நேரே கொடுங்கள். மோட்டர் மெதுவாகச் சீராகச் சுற்றும். அப்போது டாக்கோ வெளியீட்டை ஸ்கோப்பில் பாருங்கள். நேர்கோடு போல வந்து மேலே சின்னச் சிற்றலை இருந்தால் நல்லது. அந்தச் சிற்றலை சில சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒரு தடவை வெட்டு விழுந்து சுழியத்தை நோக்கி இறங்கினால் கொம்யூட்டேட்டரில் (பிரஷ் உரசும் செம்புத் துண்டுகள்) ஒரு துண்டு அழுக்கு, அல்லது பிரஷ் தூக்கி நிற்கிறது. பற்றரி முனைகளை மாற்றி மறுபக்கமும் சுற்றி, இரு திசையிலும் அளவு ஒன்றா என்று பாருங்கள். எந்த முனைக்கு நேர் கொடுத்தபோது டாக்கோவில் நேர் வந்தது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த படியில் தேவைப்படும்.

சுத்தம் செய்யும்போது கார்பன் தூளை வக்யூமால் உறிஞ்சுங்கள். கொம்ப்ரெசர் காற்றை அடித்தால் தூள் பெயாரிங்குக்குள் போய்விடும். கொம்யூட்டேட்டரை ஐசோப்ரொப்பைல் அல்ககோலில் நனைத்த துணியால் துடையுங்கள். எமரித் தாள் வேண்டாம். பழைய டாக்கோக்களில் ஆல்நிக்கோ காந்தம் இருக்கலாம். சுழலியைக் காந்தத்துக்கு வெளியே உருவி எடுத்தால் காந்தம் பலமிழக்கும். பிறகு அதே வேகத்துக்குக் குறைந்த வோல்ட்தான் வரும், ட்ரைவ் ஏமாந்து மோட்டரை அதிகமாக ஓட்டும். ஆகவே பிரஷ்ஷை மட்டும் கழற்றுங்கள், உள்ளே இருப்பதை உருவாதீர்கள்.

பிறகு வயர். முறுக்கிய இரட்டை, ஷீல்ட் உள்ளது, ஷீல்ட் ட்ரைவ் பக்கம் மட்டும் நிலத்தோடு. கொழும்புக் கடற்காற்றில் கனெக்டர் பின்கள் பச்சை பூக்கும். இரத்மலானை போலக் கரையோரமாக உள்ள இடங்களில் இன்னும் மோசம். கபினட் சூடாகிறது என்று கதவைத் திறந்துவைத்து ஒரு ஸ்டாண்ட் ஃபேனை விடுவது நம் பட்டறைகளில் வழக்கம். அந்த ஃபேன் உள்ளே அனுப்புவது உப்பு ஈரமும் இரும்புத் தூளும். கதவைச் சாத்தி, வடிகட்டியோடு ஒரு நல்ல கபினட் ஃபேன் போடுங்கள்.

படி 4: துருவம்

டாக்கோ தலைகீழாக இணைந்திருந்தால் வேகம் கூடக்கூட ட்ரைவ் இன்னும் கூட்டும். மோட்டர் ஓடிவிடும். டாக்கோ வயர் அறுந்தாலும் இதே கதிதான். ஆகையால் இந்தச் சோதனையை மோட்டர் மேசையில் கட்டப்பட்ட நிலையில், ஸ்குரூ இணைக்காமல், கரண்ட் வரம்புப் பொட்டைக் கீழே இறக்கிவைத்துச் செய்யுங்கள். எமேர்ஜென்சி ஸ்டொப் பொத்தானில் ஒரு கை.

கட்டளை உள்ளீட்டைச் சுழியத்தில் வைத்து ட்ரைவை எனேபிள் செய்யுங்கள். தண்டைக் கையால் திருப்பப் பார்த்தால் தேனுக்குள் திருப்புவதுபோல எதிர்க்க வேண்டும். ஓடிவிட்டால் நிறுத்தி, டாக்கோவின் இரு வயர்களை மாற்றுங்கள். பிறகு, நேர்க் கட்டளைக்கு அச்சு சரியான திசையில் போகிறதா என்று பாருங்கள். போகவில்லை என்றால் ஆர்மேச்சரையும் டாக்கோவையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் மறுபடி ஓட்டம்தான்.

படி 5: அளவுத்திட்டம், பிறகு கெயின்

அளவுத்திட்டம் என்றால் எத்தனை வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்பது. இந்த வரிசையைப் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். டாக்கோ சமிக்ஞையைக் கூட்டிக் குறைக்கும் பொட்டால் உச்ச வேகத்தை அமைக்கும் ட்ரைவ்களில், அதைத் திருப்பினால் வேக லூப்பின் கெயினும் சேர்ந்து மாறும். பாடுபட்டு வைத்த கெயின் பாழாகும். கட்டளைப் பக்கத்துப் பொட் என்றால் இந்தச் சிக்கல் இல்லை. எப்படியிருந்தாலும் அளவுத்திட்டத்தை முதலில் முடித்துவிட்டால் தலையிடி இல்லை.

5 மில்லிமீற்றர் பிச் ஸ்குரூ, மோட்டர் நேரே இணைப்பு, ரப்பிட் நிமிடத்துக்கு 10 மீற்றர் என்று வைப்போம். மோட்டர் 2000 சுற்றில் ஓட வேண்டும். அந்த வேகம் 10 வோல்ட்டில் அல்ல, 9 வோல்ட்டில் வரட்டும். மிச்ச 1 வோல்ட் நிலை லூப் பின்தங்கலைத் திருத்திக்கொள்ளத் தேவையான இடம். பற்றரிப் பெட்டியில் 0.9 வோல்ட் வைத்து 200 சுற்று வருகிறதா என்று பாருங்கள்.

இப்போது மோட்டரை ஸ்குரூவில் இணையுங்கள். வெறும் மோட்டரில் ட்யூன் செய்து பயனில்லை. மேசையின் நிறையோடுதான் லூப்பின் குணம் தெரியும். அச்சை நடுவில் நிறுத்தி, 0.3 வோல்ட் அளவில் சுவிட்சைத் தட்டி, டாக்கோ சமிக்ஞையை ஸ்கோப்பில் பிடியுங்கள். பாய்ச்சல் சிறியதாக இருக்க வேண்டும். பெரிதானால் கரண்ட் வரம்பில் முட்டி, படம் பொய் சொல்லும்.

கெயின் குறைவாக இருந்தால் கோடு சோம்பேறித்தனமாக ஏறும். சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். ஏற்றம் செங்குத்தாகும், ஒரு கட்டத்தில் கோடு இலக்கைத் தாண்டிப்போய்த் திரும்பும். பத்து சதவீதம்போல் ஒரே ஒரு தாண்டல், உடனே அமைதி: அதுதான் வேண்டியது. இரண்டாவது மூன்றாவது அலை தெரிந்தால் கெயினைக் குறையுங்கள், அல்லது ஆட்டத்தை அடக்கும் கொம்பென்சேஷன் பொட்டைத் திருப்பிப் பாருங்கள். உறுமல் கேட்கும் எல்லையைக் கண்டுபிடித்து அதிலிருந்து நன்றாகக் கீழே இறங்கி நில்லுங்கள். அச்சின் இரு முனைகளிலும், மேசையில் பாரமான வைஸ் வைத்தும் வைக்காமலும் திரும்பப் பாருங்கள்.

1942இல் சீக்லரும் நிக்கல்ஸும் தந்த, கெயின் அமைக்கும் புகழ்பெற்ற முறை பாடப்புத்தகங்களில் இருக்கிறது. அது ஒவ்வொரு அலையும் முந்தியதில் கால் பங்காகக் குறையும்படி அமைக்கும். கொதிகலனுக்குச் சரி. வெட்டும் ஆயுதத்துக்கு அந்த ஆட்டம் ஆகாது.

உறுமல் போகவில்லை என்றால் காதையும் பயன்படுத்துங்கள். வேகத்தை மாற்றும்போது உறுமலின் சுருதியும் கூடிக்குறைகிறதா? அப்படியானால் டாக்கோ சிற்றலை, பெயாரிங் போன்ற சுழலும் ஏதோ ஒன்று. வேகம் எதுவானாலும் சுருதி ஒன்றேயா? அப்போது கெயின் அதிகம், அல்லது கப்ளிங்கோ ஸ்குரூவோ தன் இயற்கை அதிர்வில் பாடுகிறது. டிஜிட்டல் ட்ரைவ் என்றால் அந்த அதிர்வெண்ணில் நொட்ச் ஃபில்ற்றர் (அதை மட்டும் அடக்கும் வடிகட்டி) வைக்கலாம். அனலொக்கில் கெயினைக் குறைப்பது அல்லது கப்ளிங்கை மாற்றுவது, இரண்டே வழி.

ஸ்கோப்பில் இன்னொரு எண்ணையும் எடுத்துக்கொள்ளுங்கள்: இறுதி வேகத்தின் 63 சதவீதத்தை எட்ட எடுத்த நேரம்.

படி 6: சுழியம்

கட்டளை உள்ளீட்டைக் குறுக்கிணைத்து, அச்சு ஊர்வது நிற்கும்வரை பலன்ஸ் பொட்டைத் திருப்புங்கள். மெசின் அரை மணி நேரம் ஓடிச் சூடான பிறகு மறுபடி செய்யுங்கள். குளிரில் வைத்த சுழியம் சூட்டில் நகரும்.

படி 7: நிலை லூப்

இப்போதுதான் கொன்ட்ரோலருக்கு வருகிறோம். நிலைக் கெயினின் அலகு ஒரு செக்கனுக்கு இத்தனை. ஃபானுக் கொன்ட்ரோலர்களில் 1825ஆம் பராமீற்றரில் இருக்கும் 3000 என்பது 30. சீமென்ஸில் 32200ஆம் மெசின் டேட்டாவில் 1 என்பது நிமிடத்துக்கு 1 மீற்றரில் 1 மில்லிமீற்றர் பின்தங்கல், அதாவது சுமார் 16.7. லினக்ஸ்சிஎன்சியில் வெளியீட்டை செக்கனுக்கு மில்லிமீற்றர் என்ற அலகுக்கு அளவுபடுத்தியிருந்தால் பீ என்ற எண்ணே இந்தக் கெயின்.

எதில் தொடங்குவது? 63 சதவீத நேரத்தை நான்கால் பெருக்கி, 1ஐ அதனால் வகுங்கள். 10 மில்லிசெக்கன் என்றால் 25. 5 என்றால் 50. இலக்கைத் தாண்டாமல் நிற்கக்கூடிய உச்சத்தை இந்தக் கணக்குக் காட்டுகிறது. அதற்குச் சற்றுக் கீழே தொடங்குங்கள். வேக லூப்பை விரைவாக்கினால்தான் இந்த எண் கூடும் என்பதையும் இங்கே பார்க்கலாம்.

வேகத்தைக் கெயினால் வகுத்தால் பின்தங்கல். நிமிடத்துக்கு 10 மீற்றர் என்பது செக்கனுக்கு 166.7 மில்லிமீற்றர், கெயின் 30 என்றால் 5.6 மில்லிமீற்றர் பின்தங்கல். இரு திசையிலும் இதே அளவு வருகிறதா என்று பாருங்கள். வித்தியாசம் இருந்தால் சுழியம் நகர்ந்திருக்கிறது.

லினக்ஸ்சிஎன்சியில் எஃப்எஃப்1ஐ (FF1: கட்டளை வேகத்தை நேரே வெளியீட்டில் சேர்க்கும் ஃபீட்ஃபோர்வர்ட்) 1 ஆக்கினால் சீரான வேகத்தில் இந்தப் பின்தங்கல் ஏறக்குறைய மறையும். மறையாவிட்டால் படி 5இன் அளவுத்திட்டம் தவறு; எஃப்எஃப்1ஐ 1.07, 0.94 என்று திருத்தி மறைக்காமல் அளவுத்திட்டத்தையே திருத்துங்கள். ஹால்ஸ்கோப்பில் (லினக்ஸ்சிஎன்சியின் திரை ஸ்கோப்) கட்டளை வேகத்தையும் பிழையையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள்; முடுக்கும்போது மட்டும் பிழை எழுந்தால் எஃப்எஃப்2 (முடுக்கத்துக்கான ஃபீட்ஃபோர்வர்ட்) மிகச் சிறிதளவு. ஐ (இன்டெக்ரல், பிழையைச் சேர்த்துச் சேர்த்துத் திருத்துவது), டீ (டெரிவேட்டிவ், பிழை மாறும் வேகத்தைப் பார்த்துத் திருத்துவது) இரண்டும் சுழியத்தில் இருக்கட்டும். ட்ரைவுக்குள் ஏற்கெனவே இன்டெக்ரல் இருக்கிறது. வெளியேயும் போட்டால் நிற்கும்போது அச்சு மெல்ல அங்குமிங்கும் தேடிக்கொண்டிருக்கும்.

படி 8: அச்சுகளைப் பொருத்துதல்

எக்ஸ் 30, வை 27 என்று விட்டால் என்ன ஆகும்? செக்கனுக்கு 50 மில்லிமீற்றரில் 45 பாகைக் கோடு வெட்டினால் ஆயுதம் கோட்டிலிருந்து 0.09 மில்லிமீற்றர் விலகி ஓடும். வட்டம் 45 பாகையில் சாய்ந்த முட்டையாகும். ஆகையால் மிக மந்தமான அச்சுக்கு எவ்வளவு தாங்குமோ, அதை எல்லா அச்சுக்கும் வையுங்கள். விரைவான அச்சுக்கு இது அநியாயமாகத் தோன்றும், வேறு வழியில்லை.

கெயின் சமமாக இருந்தாலும் ஃபீட்ஃபோர்வர்ட் இல்லாவிட்டால் வட்டம் சுருங்கும். 20 மில்லிமீற்றர் ஆரை, நிமிடத்துக்கு 3000 மில்லிமீற்றர், கெயின் 30 என்றால் ஆரையில் சுமார் 0.07 குறையும், 600 மில்லிமீற்றரில் அது 0.003க்கும் கீழே. துளையை மில் செய்து அளவு வரவில்லை என்று கட்டரைக் குறை சொல்ல முன் ஃபீடைக் குறைத்து ஒரு தடவை வெட்டிப் பாருங்கள்.

போல்பார் கருவி (வட்டமாக ஓடும்போது ஆரை எவ்வளவு விலகுகிறது என்று அளப்பது) கையில் கிடைத்தால் நல்லது. ஐஎஸ்ஓ 230இன் நான்காம் பகுதி சொல்லும் வட்டச் சோதனை அதுதான். இல்லாவிட்டால் அலுமினியத்தில் ஒரு வட்டத்தை இரு திசையிலும் வெட்டி அளந்து பாருங்கள். திசை மாற்றினால் முட்டையின் சாய்வும் மாறினால் கெயின் பொருத்தம். மாறாமல் அதே பக்கம் சாய்ந்தால் அச்சுகள் செங்குத்தாக இல்லை, அது வழித்தட வேலை. நான்கு கால்வட்ட எல்லைகளில் மட்டும் சிறு கூர் எழுந்தால் உராய்வு அல்லது ப்ளே. கெயினைத் தொட முன் எண்ணெய் போகிறதா என்று பாருங்கள்.

படி 9: வேலி போடுங்கள்

கரண்ட் வரம்பை மோட்டர் தட்டில் எழுதிய அளவுக்கு ஏற்பத் திரும்ப உயர்த்துங்கள். பொட்டுகளின் நிலையைப் படம் எடுத்து, பராமீற்றர்களை எழுதி, கபினட் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். தொலைபேசியில் இருக்கும் படம் அடுத்த டெக்னீசியனுக்கு உதவாது.

கடைசியாகப் பிழை வரம்பு. ட்யூனிங்கின்போது பலர் இதைப் பெரிதாக்கிவிட்டு அப்படியே விடுகிறார்கள். முழு வேகத்தில் கண்ட உச்சப் பின்தங்கலைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் வைக்காதீர்கள். லினக்ஸ்சிஎன்சியில் ஐஎன்ஐ கோப்பில் எஃப்எரர் (FERROR) முழு வேகத்துக்கும், MIN_FERROR மெதுவான ஓட்டத்துக்கும். வைத்தபின் அச்சை மெதுவாக ஓடவிட்டு ட்ரைவின் எனேபிள் வயரைக் கழற்றிப் பாருங்கள். கொன்ட்ரோலர் உடனே பிழை காட்டி எல்லா அச்சையும் நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் மெசினை ஒப்பரேற்றரிடம் கொடுக்க வேண்டாம்.